கயலுக்கு, கோர்ட்டுக்குப் போவதற்கு முன்

அன்புள்ள கயலுக்கு,

மின்னசோட்டாவில் ஃபோர்ட் ஸ்னெல்லிங் இமிக்ரேஷன் கோர்ட்டில் விசாரணைகளைப் பார்வையிடும் தன்னார்வலர் பயிற்சிக்கு நீ பெயர் கொடுத்திருப்பதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம். அப்பாவுக்குப் பயம். அதை நீயே பேசித் தீர்த்துக்கொள், நான் நடுவில் வர மாட்டேன். ஆனால் போனை வைக்கும்போது நீ ஒன்று கேட்டாயே, அதற்கு எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். "நீயும்தான் போறியேம்மா. பின்னாடி பெஞ்சுல உக்காந்து நோட்டுல எழுதுறதால அவங்களுக்கு என்ன ஆகப் போகுது?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு, அந்த அறையில், அந்த மனிதருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதை முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள். காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்போடு வருகிறவர்கள் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள். சிலர் தாங்க முடியாமல் நடுவில் எழுந்து பேசி வெளியே அனுப்பப்படுகிறார்கள். அப்புறம் அந்த அறையில் பார்க்க ஆளே இல்லை. நம் வேலை எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுவது. ஊரில் ஆயுசில் பாதியைக் கோர்ட் ஸ்டெனோவாகக் கழித்தவள் சொல்கிறேன், அது சின்ன வேலை இல்லை.

ஏன் என்று புரிய, அந்தக் கோர்ட் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இங்கே இருக்கலாமா, அவரை நாடு கடத்துவதா என்று முடிவு செய்யும் இடம் அது. கறுப்பு அங்கி உண்டு, மேடை உண்டு, நீதிபதிக்குப் பின்னால் சுவரில் முத்திரை உண்டு. ஆனால் அந்த முத்திரையை உற்றுப் பார்: ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்டுடையது. அதாவது அது அரசாங்கத்தின் ஓர் இலாகா. 1983இல் அந்த இலாகாவுக்குள் உருவாக்கிய ஒரு அலுவலகத்தின் கீழ்தான் நாடு முழுவதும் உள்ள இமிக்ரேஷன் கோர்ட்டுகள் இயங்குகின்றன. நீதிபதியை நியமிப்பவர் அந்த இலாகாவின் தலைவரான அட்டர்னி ஜெனரல். எதிர்ப்பக்க மேஜையில் இருக்கும் வக்கீல் ஹோம்லேண்ட் செக்யூரிட்டி இலாகாவின் ஆள், அதன் கீழ் ஆட்களைப் பிடித்து நாடு கடத்தும் ஐஸ் அமைப்பின் வக்கீல். இரண்டு பேரும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு கைகள். அட்டர்னி ஜெனரல் நினைத்தால் ஒரு வழக்கைத் தன்னிடம் வரவழைத்துத் தானே தீர்ப்பு எழுதலாம். 2018இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த ஜெஃப் செஷன்ஸ் அப்படித்தான் வீட்டு வன்முறைக்குத் தப்பி வந்த ஒரு பெண்ணின் வழக்கை எடுத்து, அப்படிப்பட்டவர்களுக்கு அடைக்கலம் கிடைப்பதையே கடினமாக்கினார். 2021இல் மெரிக் கார்லண்ட் வந்து அதை ரத்து செய்தார். சட்டம் ஒன்றுதான், எழுத்து மாறவில்லை. நாற்காலியில் ஆள் மாறினார். 2025இல் ஏகப்பட்ட இமிக்ரேஷன் நீதிபதிகளை வேலையை விட்டு அனுப்பிவிட்டு, ராணுவ வக்கீல்களைத் தற்காலிக நீதிபதிகளாக உட்கார வைக்க வழி செய்தார்கள். வேலை போய்விடுமோ என்ற கவலை நீதிபதிக்கு இருக்கும் கோர்ட்டில், பார்வையாளர் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

அடுத்தது வக்கீல். திருட்டு வழக்கில் பிடிபட்டவனுக்குக் கையில் காசு இல்லையென்றால் அரசே வக்கீல் வைத்துத் தரும். அரசியல் சட்டத்தின் 6ஆவது திருத்தம், அதற்கு மேல் 1963இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஆனால் நாடு கடத்தும் வழக்கை சிவில் வழக்கு என்று வைத்திருக்கிறார்கள். வக்கீல் வைத்துக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, ஆனால் அரசாங்கச் செலவில் இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை எடுத்துப் பார்த்தது. வக்கீலோடு வந்தவர்கள் 37 சதவீதம். காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம். குழந்தைகளுக்கும் இதே விதிதான். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட இமிக்ரேஷன் சட்டத்தைப் புரிய வைக்க முடியும், நானே புரிய வைத்திருக்கிறேன் என்று ஒரு மூத்த இமிக்ரேஷன் நீதிபதி ஒரு வழக்கில் வாக்குமூலம் கொடுத்தார். 2016இல் அது செய்தியாகி ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுப் பொடியனுக்குக் கையைக் கழுவு என்று புரிய வைக்கவே எனக்கு ஒரு வாரம் ஆகிறது.

டேனா லீ மார்க்ஸ் என்று ஒரு நீதிபதி, இமிக்ரேஷன் நீதிபதிகள் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். மரண தண்டனை அளவுக்குக் கனமான வழக்குகளை டிராஃபிக் அபராதக் கோர்ட் மாதிரி ஓர் ஏற்பாட்டில் விசாரிக்கிறோம் என்று அவர் சொன்னதை இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். அவர் நீதிபதியாவதற்கு முன் வக்கீலாக வாதாடி ஜெயித்த வழக்கு ஒன்று உண்டு, 1987 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அடைக்கலம் கேட்கிறவர், திரும்பிப் போனால் எனக்குக் கட்டாயம் ஆபத்து என்று நிரூபிக்கத் தேவையில்லை. பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் அந்தப் பயம் நியாயமான பயமாக இருக்கலாம் என்று வந்த தீர்ப்பு. ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது, இந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். 1980 அகதிகள் சட்டத்திலிருந்து இதுதான் அளவுகோல். நாட்டுக்குள் வந்த ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பம் போட வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். 2025 சட்டத்துக்குப் பிறகு அதற்கு 100 டாலர் கட்டணம் வேறு. இதெல்லாம் தெரிந்துகொண்டா ஒருத்தர் எல்லை தாண்டி ஓடி வருகிறார்?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

அந்த அறையில் நடப்பதை அவர்களே ஒலிப்பதிவு செய்கிறார்கள். அப்புறம் நீ எதற்கு என்று தோன்றும். விஷயம் என்னவென்றால், அந்த ஒலிப்பதிவை யாரும் உட்கார்ந்து எழுத்தாக்குவதில்லை. தோற்றவர் மேல்முறையீடு செய்தால்தான், அதற்காக மட்டும், தட்டச்சு செய்த பிரதி தயாராகும். மேல்முறையீடு வர்ஜீனியாவில் ஃபால்ஸ் சர்ச் என்ற இடத்தில் இருக்கும் ஒரு போர்டுக்குப் போக வேண்டும். வக்கீல் இல்லாதவர், ஆங்கிலம் தெரியாதவர், கெடுவுக்குள் எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? அதோடு நீதிபதி பதிவை நிறுத்திவிட்டுப் பேசும் நிமிஷங்கள் இருக்கின்றன. நம் ஊர்க் கோர்ட்டிலும் இது உண்டு. சாட்சி மூச்சுவிடாமல் சொன்னதை நீதிபதி இரண்டு வரியாகச் சொல்லி எழுதச் சொல்வார், என் பென்சிலும் அந்த இரண்டு வரியைத்தான் எழுதும். ஆகவே முக்கால்வாசி பேருக்கு, அந்த அறையில் தங்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு எழுத்தில் இருக்கும் ஒரே சாட்சி, பின் பெஞ்சில் இருப்பவரின் நோட்டுதான்.

நீ போகப் போகிற கட்டடத்தையே எடுத்துக்கொள். பிஷப் ஹென்றி விப்பிள் கட்டடம் என்று பெயர். பேரைத் தேடிப் படித்தாயா? 1862இல் மின்னசோட்டாவில் டகோட்டா மக்களுக்கும் அமெரிக்க அரசுக்கும் போர் நடந்தது. தோற்றவர்களை ராணுவக் கமிஷன் முன் நிறுத்தினார்கள். ஆறு வாரத்துக்குள் 392 பேர். வக்கீல் கிடையாது. சில விசாரணைகள் ஐந்து நிமிஷம்கூட ஓடவில்லை. 303 பேருக்கு மரண தண்டனை. விப்பிள் அந்த வருஷம் வாஷிங்டன் போய் லிங்கனைப் பார்த்து டகோட்டா மக்களுக்காகப் பேசிய பாதிரியார். அப்புறம் லிங்கன் என்ன செய்தார் தெரியுமா? விசாரணைக் குறிப்புகளை அனுப்பச் சொல்லி, இரண்டு வக்கீல்களை உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் படிக்க வைத்தார். படித்துவிட்டு 39 பேருடையதை மட்டும் உறுதி செய்தார். கடைசியில் அவர்களிலும் ஒருவருக்கு நிறுத்தி வைத்தார்கள். 38 பேரை அந்த டிசம்பர் 26இல் மான்கேட்டோவில் ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய கூட்டுத் தூக்கு அது. அதை நான் மறைக்கவில்லை. அதே குளிர்காலத்தில் ஃபோர்ட் ஸ்னெல்லிங் கோட்டைக்குக் கீழே ஆற்றோரம் கிட்டத்தட்ட 1,600 டகோட்டா பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் முகாமில் அடைத்து வைத்தார்கள். வசந்தம் வருவதற்குள் நூற்றுக்கு மேல் செத்தார்கள்.

ஆனால் பார், ஐந்து நிமிஷ விசாரணைக்கும் யாரோ ஒருவர் குறிப்பு எடுத்திருந்தார். அரைகுறைக் குறிப்புதான். எழுதியவர் டகோட்டா மக்களின் நண்பரும் இல்லை. அந்த அரைகுறைக் காகிதம் இருந்ததால்தான் ஆயிரம் மைல் தள்ளி இருந்த ஒருவரால் படித்துப் பார்த்து, இவனுக்கு எதிராக இங்கே ஒன்றுமே இல்லையே என்று சொல்ல முடிந்தது. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

உங்கள் ஊரில் த அட்வகேட்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் அமைப்பு 2017 முதலே இந்தப் பார்வையிடலை நடத்துகிறது, பழக்கப்பட்ட கைகள். அவர்கள் பயிற்சியில் சொல்வதுதான் முதல் வேதம். நான் எழுதுவது அம்மாவின் பின்னிணைப்பு.

முதல் நாள் உன்னை மாஸ்டர் காலண்டர் ஹியரிங்கில்தான் உட்கார வைப்பார்கள். மாஸ்டர் என்றே சொல்வார்கள். நம் ஊர் வாய்தா நாள் மாதிரி. ஒரு காலை நேரத்தில் நிறைய பேரைக் கூப்பிட்டு, பெயர், விலாசம், மொழி, குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொள்கிறாயா, வக்கீல் தேட அவகாசம் வேண்டுமா, அடுத்த தேதி என்று ஓடும். ஓட்டம் என்றால் ஓட்டம். நாடு முழுவதும் தேங்கியிருக்கும் வழக்குகள் முப்பது லட்சத்துக்கு மேல். இண்டிவிஜுவல் என்பது முழு விசாரணை, சாட்சி சொல்வதெல்லாம் அதில்தான்.

போன பனிக்காலத்தில் நான் பார்த்த ஒரு மாஸ்டரைச் சொல்கிறேன். ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள், மடியில் தூங்கும் குழந்தை. குவாத்தமாலா மலைப்பக்கத்துக்காரி. நீதிபதி வீடியோ திரையில், மொழிபெயர்ப்பாளர் போனில். ஸ்பானிஷ் புரிகிறதா என்று கேட்டார்கள். சீ என்றாள், ஸ்பானிஷில் ஆமாம் என்று அர்த்தம். உங்கள் உரிமைகளைச் சொல்லப்போகிறேன், சம்மதமா? சீ. விலாசம் மாறினால் ஐந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், புரிந்ததா? சீ. உங்கள் விலாசம் என்ன? சீ. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தாய்மொழி மாம், மாயா மக்களின் மொழிகளில் ஒன்று. ஸ்பானிஷ் கடைவீதி அளவுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது. நீதிபதி கொஞ்சம் நிறுத்தினார். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று வேறு விதமாகக் கேட்கச் சொன்னார். அப்போதுதான் அந்த ஒரு சொல் வந்தது, மாம். மாம் மொழிபெயர்ப்பாளருக்குத் தேதி போட்டார். நல்ல நீதிபதி.

என் நோட்டில் நான் எழுதியது இது: ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர், போனில். நான்கு கேள்விக்கு ஒரே பதில், சீ. நான்காவது கேள்வி விலாசம். நீதிபதி தாய்மொழி கேட்டார். மாம். ஒத்திவைப்பு. ஏழு நிமிஷம். அவ்வளவுதான். "பாவம் அந்தப் பெண் மிரண்டுபோயிருந்தாள்" என்று எழுதவில்லை. மிரண்டது உண்மைதான். ஆனால் அது என் கண்ணுக்குத் தெரிந்தது. நான்காவது கேள்விக்கும் சீ என்று சொன்னது யார் படித்தாலும் தெரிவது. உனக்குக் கோபம் வரும், உன்னை எனக்குத் தெரியும். கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் கொட்டு. நோட்டில் மணி, கேள்வி, பதில்.

அதே மாதிரி நல்லதையும் எழுத வேண்டும். நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள். நீதிபதி பொறுமையாக விளக்கினார், வக்கீல் தேட நேரம் கொடுத்தார், இலவச வக்கீல்கள் பட்டியலைக் கையில் கொடுக்கச் சொன்னார், அரசு வக்கீல் ஒரு கெடுவுக்கு ஆட்சேபிக்கவில்லை, எல்லாமே குறிப்பில் வர வேண்டும். குறையை மட்டும் எழுதும் நோட்டை நாளைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்று சொல்கிறேன், இதற்கு என் கண்தான் ஆதாரம்: பின் பெஞ்சில் நோட்டு தெரிகிற நாளில் சில நீதிபதிகள் உரிமைகளைப் படிக்கும் வேகம் குறைகிறது. எல்லோருக்கும் இல்லை. சிலர் நம்மைச் சுவராகவே நினைக்கிறார்கள்.

போன், ரெக்கார்டர், கேமரா எதையும் உள்ளே எடுக்காதே. அணைத்துப் பைக்குள் போடு. பேனா, நோட்டு போதும். எனக்கு பிட்மேன் சுருக்கெழுத்து இருப்பதால் பிழைத்தேன். நாற்பது வருஷத்துக்கு முன் டைப் இன்ஸ்டிடியூட்டில் கற்றது இந்த நாட்டில் இப்படி உதவும் என்று யார் கண்டது! உனக்கு அது வராது, நீயே ஒரு சுருக்கு முறை வைத்துக்கொள். எதை எழுதுவது என்று குழம்பினால் இதை நினை: அந்த மனிதருக்கு இங்கே என்ன நடக்கிறது என்று புரிந்ததா? புரிய வைக்க யாராவது முயன்றார்களா? நீள நீளமாக அவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மூன்று சொல்லில் முடித்தால் அதை எழுது. ஸ்பானிஷ் தெரியாத எனக்கே நீளம் தெரிகிறது.

கோர்ட் பொதுமக்களுக்குத் திறந்தது என்பது விதி. யாரும் உன்னை ஏன் வந்தாய் என்று கேட்டு விரட்ட முடியாது. ஆனால் விலக்குகள் உண்டு. இடம் போதாவிட்டால் நீதிபதி ஆட்களைக் குறைக்கலாம். வீட்டு வன்முறைக்கு ஆளானவர்கள் சம்பந்தப்பட்ட சில வழக்குகள் மூடிய அறையில் நடக்கும். அடைக்கலம் கேட்பவர் தன் முழு விசாரணையை மூடி வைக்கச் சொன்னால், மூட வேண்டும். இதில் நீ வாதம் பண்ணாதே. அவர் அங்கே உட்கார்ந்து தன்னைச் சித்திரவதை செய்தவர்களின் பெயரைச் சொல்லப் போகிறார். அவருடைய தம்பியும் அம்மாவும் இன்னும் அந்த ஊரில்தான் இருப்பார்கள். அடைக்கல விண்ணப்பத்தில் இருப்பதை வெளியே விடக் கூடாது என்று அரசுக்கே விதி இருக்கிறது. நமக்கு அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். வக்கீல் இருந்தால் முன்கூட்டியே அவர் மூலம் கேள், இருக்கட்டும் என்றால் இரு, வேண்டாம் என்றால் எழுந்து வா. வெளியே வந்ததும், மூடிய காரணம் என்ன சொன்னார்கள் என்று மட்டும் குறித்துக்கொள். காரணம் சொல்லாமல் உன்னை வெளியே போகச் சொன்னால் அதுவும் ஒரு குறிப்புதான்; அங்கேயே நின்று சண்டை போட வேண்டாம், உங்கள் அமைப்பு எழுதிக் கேட்கும்.

பார்க்கவே நாற்காலி இல்லாத அறைகளும் உண்டு. நம் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாத கதை இது. 2017இல் ஓர் இலங்கைத் தமிழர், எல்லை தாண்டி வந்து, கலிஃபோர்னியாவில் எல்லைக் கோட்டிலிருந்து 25 கஜ தூரத்தில் பிடிபட்டார். ஊரில் தன்னை ஒரு வேனில் கடத்திக்கொண்டுபோய்க் கட்டி அடித்தார்கள் என்று சொன்னார். வேன் என்றால் என்ன அர்த்தம் என்று இலங்கைத் தமிழர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நேர்காணல் செய்த அதிகாரி அடிபட்டதை நம்பினார். ஆனால் யார் அடித்தார்கள், ஏன் அடித்தார்கள் என்று இவரால் சொல்ல முடியவில்லை, அதனால் அந்த ஐந்து காரணங்களில் எதிலும் வரவில்லை என்று முடித்துவிட்டார். இமிக்ரேஷன் நீதிபதியும் அதையே உறுதி செய்தார். 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அதைத் தள்ளியது. அவசர வெளியேற்றத்துக்கு, அதாவது முழு விசாரணை இல்லாமல் அதிகாரியின் உத்தரவிலேயே அனுப்பும் முறைக்கு, உள்ளானவர் அந்த முடிவை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டில் கேள்வி கேட்க சட்டம் வைத்திருக்கும் குறுகிய எல்லை செல்லும் என்று தீர்ப்பு. நீதிபதி சோட்டோமயோரும் நீதிபதி கேகனும் மட்டும் மறுத்தார்கள். அந்த நேர்காணல் நடந்த இடத்தில் பின் பெஞ்ச் கிடையாது. யாரும் அங்கே போய் உட்கார முடியாது. உட்கார இடம் இருக்கிற கோர்ட்டை நாம் காலியாக விட்டால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடும் என்றுதான் எனக்கு அடித்துக்கொள்கிறது.

இப்போது அப்பாவின் பயத்துக்குக் காரணமான விஷயம். 2025 மே மாதத்திலிருந்து நடப்பதை நீயும் டிவியில் பார்த்திருப்பாய். விசாரணைக்கு ஒழுங்காக வந்தவர்களை, வெளியே வராந்தாவில் முகமூடி போட்ட ஐஸ் ஆட்கள் நின்று பிடிக்கிறார்கள். சிலருக்கு முதலில் உள்ளே ஒரு காரியம் நடக்கும். அரசு வக்கீல் எழுந்து, இந்த வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்டுக்கொள்கிறோம் என்பார். வழக்கு தள்ளுபடி என்றால் யாருக்கும் சந்தோஷம்தானே வரும்? ஒரு பெரியவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். ஆனால் கோர்ட்டில் வழக்கு இல்லை என்றானதும், 1996 சட்டம் கொண்டுவந்த எக்ஸ்பெடைட்டட் ரிமூவல் என்ற, மேலே சொன்ன அவசர வெளியேற்றக் குறுக்கு வழிக்கு அவரைத் தள்ளலாம். அதில் நீதிபதி முன் முழு விசாரணை கிடையாது, அதிகாரியின் உத்தரவே போதும். பயந்துகொண்டு வராமல் இருந்தாலோ, ஆள் இல்லாமலேயே நாடு கடத்தும் உத்தரவு போட்டுவிடுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

அதனால் தள்ளுபடி என்ற பேச்சு வந்ததும் உன் பேனா மெதுவாகவும் முழுமையாகவும் ஓட வேண்டும். அரசு வக்கீல் என்ன காரணம் சொன்னார், சொன்னாரா? நீதிபதி அதன் விளைவை விளக்கினாரா? பதில் சொல்ல அவகாசம் கொடுத்தாரா? அந்த மனிதர் என்ன பதில் சொன்னார், அவர் சொன்ன அதே சொற்களில்? பின்னால் ஒரு வக்கீல் கிடைத்தால், அவர் முதலில் தேடப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.

வராந்தாவில் நீ வேறு ஆள். அங்கே உன்னால் பேச முடியும், ஆனால் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. நீ வக்கீல் இல்லை, அது குற்றம். துண்டுப் பிரசுரம் கொடுக்கலாம், இலவச வக்கீல் பட்டியல் கொடுக்கலாம், லிஃப்ட் வரை கூட நடக்கலாம். கைது நடக்கும்போது குறுக்கே நிற்காதே, கையைப் பிடிக்காதே. அப்போது நியூயார்க் நகரக் கணக்குத் தணிக்கை அதிகாரியாக இருந்த பிராட் லாண்டர், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆள், 2025 ஜூன் 17 அன்று அங்கே இமிக்ரேஷன் கோர்ட் இருக்கும் 26 ஃபெடரல் பிளாசா கட்டடத்தில் ஒருவரோடு கைகோத்து நடந்தபடி வாரண்ட்டைக் காட்டு என்று கேட்டார். அவரையே விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். அவரை விட்டார்கள், கயல். அவர் மேயர் தேர்தலில் நின்றுகொண்டிருந்தவர். அவருக்காக வந்த மாதிரி உனக்காக நியூயார்க் கவர்னர் வாசலில் வந்து நிற்க மாட்டார். நீ குடியுரிமை வாங்கிவிட்டாய், அதனால் நீ போகலாம். மாப்பிள்ளைக்கு இன்னும் கிரீன் கார்டு கைக்கு வரவில்லை. அவர் துணைக்கு வருகிறேன் என்று கிளம்பினால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல். கார் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் விடுவதும் வேண்டாம், அந்தக் கட்டடத்திலேயே ஐஸ் அலுவலகமும் இருக்கிறது.

இன்னொரு விஷயம், இதில் குழப்பிக்கொள்ளாதே. பார்வையிடும் நோட்டில் யாருடைய பெயரும் வரக் கூடாது. ஏ-நம்பரின், அதாவது இமிக்ரேஷன் இலாகா ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் எண்ணின், கடைசி மூன்று இலக்கம், நாடு, மொழி, போதும். ஆனால் துணைக்கு நடக்கும் தன்னார்வலர்கள், விசாரணைக்கு வந்தவர்கள் உள்ளே போகும் முன்பே அவர்களுடைய சம்மதத்தோடு முழு ஏ-நம்பரும் பிறந்த நாடும் வீட்டு ஆளின் போன் நம்பரும் வாங்கி வைப்பார்கள். ஏனென்றால் பிடித்துக்கொண்டுபோன பிறகு ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஐஸின் இணையத் தேடலில் கண்டுபிடிக்க ஏ-நம்பரும் பிறந்த நாடும் வேண்டும். வேறு மாநிலத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடுகிறார்கள். நான் இருந்த ஒரு நாள், கணவனைப் பிடித்துப்போன பிறகு மனைவிக்கு அவன் நம்பர் தெரியவில்லை. அந்தக் காகிதம் அவன் சட்டைப் பையோடு போய்விட்டது. இது இரண்டும் தனித்தனி வேலை, தனித்தனி ஆள், தனித்தனிக் காகிதம். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் ஒரு நோட்டிலேயே எல்லாம் கலந்துவிடும்.

பயிற்சியில் நீ கேட்க வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நிரப்பிய படிவத்தை எங்கே வைக்கிறார்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்கு? ஒருவரின் வக்கீல் கேட்டால் உன் குறிப்பைக் கொடுப்பார்களா, அப்போது உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்களா? வீடியோவில் நடக்கும் விசாரணையை எப்படிப் பார்ப்பது? வராந்தாவில் கைது நடந்தால் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? அந்த நம்பரை போனில் மட்டும் வைக்காதே, கையிலும் எழுதிக்கொள்.

அடையாள அட்டை எடுத்துக்கொள். முன்பே போய்விடு, செக்யூரிட்டி வரிசை நீளம். ஸ்வெட்டர் கட்டாயம்.

முதல் மாஸ்டர் முடிந்து வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணு, எத்தனை மணி ஆனாலும் சரி. எப்படி இருந்தது, உனக்குத் தாங்கியதா, அதைச் சொல். உள்ளே யாருக்கு என்ன நடந்தது என்று என்னிடம் சொல்லாதே, எழுதியதைப் படம் எடுத்தும் அனுப்பாதே. நான் கேட்டாலும் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா